நாடாப்புழுவும் காக்காய் வலிப்பும்

வலிப்பு கண்டவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். பூதப்பாண்டிக் கடைத்தெருவில் ஒருவர் விழுந்தாலும் முதலில் தேடப்படுவது சாவிக்கொத்துதான். பேய்க் கோளாறு என்பார் சிலர். முன்னோர் செய்த பாவம் என்பார் சிலர். வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று ஒரு புழு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சரியாக வேகாத பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் இருக்கலாம். அதை உண்பவரின் குடலில் புழு சில மீட்டர் நீளம் வளர்கிறது. அவருக்குப் பெரிய தொல்லை இராது. ஆனால் அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். அம்முட்டை கழுவாத கை வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ, நீர் வழியாகவோ மற்றொருவர் வயிற்றுக்குள் போனால், குஞ்சுப்புழு குடலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் செல்கிறது. மூளையில் சிறு நீர்க்கட்டியாகப் பல ஆண்டுகள் ஓசையின்றிக் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் சுற்றியுள்ள பகுதி வீங்கி வலிப்பு வருகிறது.

ஆகவே இறைச்சியையே தொடாத சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்நோய் வரும். சமைப்பவர் குடலில் புழு இருந்து, அவர் கை கழுவாதிருந்தால் போதும். "நாங்கள் சைவம், எங்களுக்கு வராது" என்பது வீண் நம்பிக்கை.

நம் மாநிலத்துக்கு இது புதிதன்று. வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் இக்கட்டிகள் காணப்பட்ட செய்தி 1888 இல் சென்னையிலிருந்து வெளியாயிற்று. இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய ஆங்கிலச் சிப்பாய்கள் பலருக்கு வலிப்பு வந்தபோது, 1930களில் மெக்கார்தர் என்ற இராணுவ மருத்துவர் காரணம் இப்புழுவே என்று காட்டினார். அத்தகைய 450 பேரைப் பற்றிய ஆய்வு 1961 இல் அச்சாயிற்று.

பின்னர் சி.டி. ஸ்கேன் வந்தது. வலிப்பு நோயாளிகளின் மூளையில் தனியொரு சிறு புள்ளி தெரிந்தது. அதைக் காசநோய்க் கட்டி எனக் கருதிப் பலருக்கும் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் சாண்டியும் இராஜசேகரும் அக்கட்டிகளை எடுத்துச் சோதித்தனர். அவற்றுள் பெரும்பாலானவை புழுக்கட்டிகளே என 1980களின் இறுதியில் தெளிவாயிற்று. அதே கல்லூரியார் வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே நடத்திய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணமெனக் கண்டனர். சோப்பாலும் கழிப்பறையாலும் தடுக்கக்கூடிய வலிப்பு இத்தனையா என்று நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

பழையாற்றிலோ கால்வாயிலோ அலசிய கொத்தமல்லித் தழையை நல்ல நீரில் மறுபடி கழுவாமல் துவையலுக்கு அரைக்கலாகாது. பன்றி இறைச்சியை உள்வரை வேக வைக்க வேண்டும். 2015 முதல் குடற்புழு நீக்க நாளன்று பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை, இரத்தம் உறிஞ்சிச் சோகையும் சோர்வும் தந்து படிப்பில் கவனத்தைக் குலைக்கும் கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. வலிப்பு உள்ள மாணவி மருத்துவரைக் கேட்ட பின்பே அதை விழுங்க வேண்டும். மூளையில் கட்டி இருந்தால் மருந்தே வலிப்பைத் தூண்டக்கூடும்.

வகுப்பில் ஒருத்தி விழுந்தால் சாவியைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தனிக் கட்டி பலருக்குச் சில மாதங்களில் தானே மறைகிறது. மாத்திரையையும் மருத்துவர் பின்னர் நிறுத்துகிறார். ஆயினும் சம்பந்தம் பேசும்போது பெற்றோர் இதை மறைக்கிறார்கள். வலிப்பைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடமளித்த சட்டப்பிரிவு 1999 இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை அறியாத வீடுகளில், புகுந்த வீட்டார் கண்ணில் படாமலிருக்க மாத்திரையை விட்டுவிடும் பெண்ணுக்கு வலிப்பு மீண்டும் வருகிறது.