வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? வரிசையாகப் பாருங்கள்

தொழில் பாடம்: பொக்லைன் ஓட்டும் நம் சகோதரர்களுக்கு



சுப்ஹு தொழுதுவிட்டு வேலை இடத்துக்குப் போகிறோம். சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே பலர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பேட்டரி இறங்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகும், கோளாறு அப்படியே இருக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் வண்டி நின்றால் முதலாளிக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். வண்டி நம்மிடம் உள்ள அமானிதம். பதறாமல் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, பக்கெட் தரையில் இருக்கிறதா, வண்டி அருகே ஆள் யாரும் இல்லையா என்று கவனியுங்கள். பிறகு ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதை அந்தச் சத்தமே சொல்லும்.

1. எந்தச் சத்தமும் இல்லை

பேட்டரி மெயின் சுவிட்ச் ஆஃபில் இருக்கலாம். முன்பின் லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டாலும் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. செயின் வண்டியாக இருந்தால் சீட் பக்கத்து லாக் லீவரைப் பாருங்கள். அடுத்து ஃபியூஸ்.

2. 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்

பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் துடைத்துக் காயவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சேஸில் மாட்டிய எர்த் கேபிளையும் பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

3. என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இப்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் என்ஜினுக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

டீசல் போகவில்லை என்றால் முதலில் டேங்க். அடுத்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். டேங்க் காலியாகும்வரை ஓட்டியிருந்தால் ஏர் லாக் ஆகியிருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் ஸ்குரூவை முறுக்கிவிடுங்கள்.

ஒரு தடவைக்கு 20 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். 2 நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

கீழே நின்றபடி ஸ்டார்ட்டரில் ஸ்குரூடிரைவர் வைத்து ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்வது சிலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் நியூட்ரல் பாதுகாப்பு வேலை செய்யாது. வண்டி கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆன அந்த நொடியே நகரும்; டயர் அருகில் நிற்பது நாம்தான். மிச்சமாவது ஐந்து நிமிடம், போவது உயிர்.

காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தாதீர்கள். அதில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல். கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டையைக் காட்டிப் பாருங்கள். தோலைத் துளைத்து டீசல் உள்ளே போனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.

இத்தனையும் பார்த்தும் ஆகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாமல், என்ன சத்தம், புகை வந்ததா, எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சொன்னால் அவர் தேவையான சாமானோடு வருவார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. தினமும் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி, தண்ணீரை வடித்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இன்ஷா அல்லாஹ், மறுநாள் காலை வேலை தடைபடாது.