நூலாசிரியர் நோக்கம் காணல்

மாணவர்களே! ஒரு நூலைப் படித்து இன்புறுதல் வேறு. அதனை ஆராய்ந்து கட்டுரை வரைதல் வேறு. ஆராயப் புகுவோர் முதற்கண் எழுப்பத்தக்க வினா, ‘இந்நூலாசிரியர் எந்நோக்கம் பற்றி இதனை இயற்றினார்?’ என்பதாம். இதற்கு விடை காணும் முறையைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டு அறிவோம்.

நம் முன்னோர் நூலின் முகத்தே பாயிரம் அமைத்தனர். நூல் நுதலிய பொருளையும் அதன் பயனையும் சிறப்புப் பாயிரம் அறிவிக்கும் என்பர் நன்னூலார். எனினும், தன்னைத் தானே புகழ்தல் தகாதாதலின், பாயிரம் உரைப்பவர் பெரும்பாலும் பிறரே ஆவர். ஆகவே, பாயிரம் நமக்கு வழிகாட்டி. அதுவே முடிந்த முடிபன்று.

சிலப்பதிகாரப் பதிகம் மூன்று உண்மைகளைச் சுட்டுகிறது. முறை தவறிய வேந்தனை அறமே அழித்துவிடும். கற்பிற் சிறந்தவளைச் சான்றோரும் போற்றுவர். செய்த வினை தன் பயனைத் தாராது விடாது. இம்மூன்றையும் நிலைநாட்டவே காப்பியம் எழுந்தது என்பது பதிகத்தின் கூற்று. அப்பதிகம் இளங்கோவடிகளே பாடியதா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

யான் மாணவனாய் இருந்த காலத்து, ஊழ்வினை ஒன்றே அடிகளின் நோக்கம் என ஒரு கட்டுரை வரைந்தேன். கோவலனின் முற்பிறப்பு வினையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கும் கட்டுரை காதையே எனக்குச் சான்று. என் ஆசிரியர் அதனைப் பொறுமையுடன் படித்தார்.

“தம்பி! எல்லாம் ஊழே செய்ததாயின், கண்ணகி சிலம்பேந்தி அவைக்குச் சென்று வழக்குரைத்தது எதற்கு? பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தது எதற்கு? ஊழின்மேற் பழியைச் சுமத்திவிட்டு அவன் அரியணையில் அமர்ந்திருக்கலாமே!” என்றார்.

யான் வாய் திறவாது நின்றேன். அவர் மேலும், “பாண்டியன் பொற்கொல்லன் சொல் ஒன்றையே நம்பித் தீர்ப்பளித்தான். நீயும் ஒரு காதையையே நம்பித் தீர்ப்பளித்துவிட்டாய்” என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அதன்பின் முப்பது காதைகளையும் முறையாகப் படித்தேன். ஊழ் நூல் முழுதும் ஊடுருவி நிற்கின்றது. ஆயினும் அரசனின் கடமையை அது சிறிதும் குறைக்கவில்லை. பதிகம் சுட்டும் அம்மூன்று உண்மைகளுள் அடங்காத ஒன்றும் அப்போது புலப்பட்டது. புகார், மதுரை, வஞ்சி என்னும் மூவேந்தர் தலைநகர்களின் பெயரால் காண்டங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு காண்டத்தின் இறுதியிலும் அந்நாட்டு வேந்தர் பெருமை கூறப்படுகின்றது. அடிகள் சேரர் குலத்தவர் என்பது மரபு. ஆயினும் சோழரையும், பிழை செய்த மன்னன் பிறந்த பாண்டியர் குடியையும் அவர் போற்றத் தவறவில்லை. தமிழ்நாடு மூன்றையும் ஒரு நூலால் பிணைக்க அவர் விழைந்தார் எனக் கருத இடமுண்டு. ‘இடமுண்டு’ என்றேனேயன்றி ‘உறுதி’ என்றேனல்லேன். சான்றின் வலிமை எவ்வளவோ, சொல்லின் வலிமையும் அவ்வளவே இருத்தல் வேண்டும்.

எனவே, முதலில் நூலை முற்றும் படியுங்கள். நோக்கத்தைக் காட்டும் இடங்களைக் காதைப் பெயருடன் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அரும்பதவுரை, அடியார்க்கு நல்லார் உரை முதலியவற்றை ஒப்பு நோக்குங்கள். உங்கள் கொள்கைக்கு மாறான சான்று தோன்றின் அதனை மறையாதீர்கள். அதற்கும் விடை கூறுங்கள். விடை கூற இயலாதாயின், கொள்கையை மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வாறு மாற்றிக்கொள்ளுதல் இழிவன்று.

காலத்தால் மறைந்த புலவர் நம் முன் வந்து, ‘யான் அவ்வாறு கருதவில்லை’ என்று வழக்குரைக்க மாட்டார். அவர் பொருட்டுப் பேச அவர் நூல் ஒன்றே உள்ளது. அதனை முழுதும் கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதுதல் ஆராய்ச்சியாளர் கடமையாகும்.