சொல்லும் மருந்தே

நுழையும்முன்

நோய் தீர மருந்து வேண்டும். அம்மருந்தை எப்பொழுது, எவ்வளவு, எத்தனை நாள் உண்ண வேண்டும் என்பது நோயாளிக்கு விளங்கவும் வேண்டும். அவ்விளக்கத்தைத் தருபவர் பெரும்பாலும் செவிலியரே. மலையூர்களில் செவிலியரின் சொல்லும் செவியும் நோயாளியின் உயிரை எவ்வாறு காக்கின்றன என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு இங்குத் தோன்றிச் சமவெளிக்கு இறங்குகிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இப்பெயர் மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்குகிறது. கேரளத்தின் மலையாள மொழிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை.

செவிலியரும் தமிழ் பேசுகிறார். நோயாளியும் தமிழ் பேசுகிறார். ஆயினும் ‘இரத்தச்சோகை’, ‘டோஸ்’, ‘பிரஷர்’ ஆகியவை மருத்துவமனையின் சொற்கள். மலைப்பாதையில் நெடுந்தொலைவு நடந்து வந்தவர், சொன்னது விளங்காமலே வீடு திரும்பினால், ஐயம் கேட்க மறுநாளே வர இயலாது. எனவே, முதற்சந்திப்பிலேயே சொல் சென்று சேர வேண்டும்.

சொல் சேராவிடில்

கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. அதனை உண்டால் மலம் கருமையாகலாம்; சிலருக்கு வயிறு குமட்டலாம். இதனை முன்னரே அறியாத பெண், மாத்திரை தனக்குத் தீங்கு செய்வதாக அஞ்சி நிறுத்திவிடுவாள். தேநீருடன் உண்டால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு வழங்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் அவ்வாறே. ஒரு லிட்டர் நீருக்கு உரிய பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கரைத்தால் அது குழந்தைக்குக் கேடு பயக்கும். ‘ஒரு லிட்டர்’ என்று கூறுவதைவிட, அவ்வீட்டிலுள்ள பாத்திரத்தில் எதுவரை நீர் ஊற்ற வேண்டும் எனக் காட்டுவது பயன் தரும்.

காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து உண்ண வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் குறைந்துவிடுவதால், நோய் நீங்கிற்று எனக் கருதிப் பலர் இடையில் நிறுத்துவர். நோய் திரும்பும், கிருமிகள் அம்மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். இம்மூன்றிலும் மருந்து சரியானதே. உடன் செல்ல வேண்டிய சொல்தான் செல்லவில்லை.

தலையசைப்பும் உடன்பாடும்

பேறுகாலம் நெருங்கிய பெண்ணிடம், “வலி எடுக்கும் முன்பே மருத்துவமனைக்கு வந்து தங்கிவிடு” என்று செவிலியர் கூறுகிறார் என்று கொள்வோம். அவள் தலையசைக்கிறாள். அவ்வசைவு மரியாதையின் அடையாளமாகவும் இருக்கலாம். தேர்ந்த செவிலியர் அதனோடு நிறுத்துவதில்லை.

“வந்து தங்குவதில் உனக்கு என்ன சங்கடம், கண்ணு?”

“மூத்த பிள்ளைக்கு மூன்று வயது, நர்சம்மா. ஆடுகளும் இருக்கின்றன.”

“பிள்ளையை உடன் அழைத்து வா. ஆடுகளை யார் பார்ப்பார்கள்?”

“கொழுந்தனார் பார்ப்பார். மாமியார்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.”

“அவரிடம் நானும் பேசுகிறேன். தலைவலி, கண் மங்கல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே வர வேண்டும். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வாய்? சொல், கேட்போம்.”

இறுதி வினா தேர்வு அன்று. அப்பெண் தன் சொற்களில் திரும்பக் கூறும்போது, எது விளங்கிற்று, எது விடுபட்டது என்பது செவிலியருக்குத் தெரிகிறது. ‘புரிந்ததா?’ என்று வினவினால் ‘ஆம்’ என்னும் விடையே வரும், ‘எப்படிச் சொல்வாய்?’ என்று வினவினால் உண்மை வெளிப்படும். மேலும், தடையாக இருந்தது அறியாமை அன்று, பிள்ளையும் ஆடுகளுமே என்பது கேட்டதனால்தான் தெரிய வந்தது.

அருகிருந்து பேசுதல்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் ஒரு கூறாக வைத்து எண்ணுகிறார்.

நவீனச் செவிலியத்தின் முன்னோடியாகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் செவிலியம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளி தலையைத் திருப்பாமலே காணுமாறு எதிரில் அமர்ந்து பேச வேண்டும். அவர் செவியில் அரைகுறையாக விழுமாறு முணுமுணுக்கலாகாது. வெற்று ஆறுதல் கூறலாகாது என்பன அந்நூலின் கருத்துகளுள் சில. நோயைப் பற்றிப் பிறர் முன் பேசாமையும் இன்றைய செவிலியரின் கடமை. ஊரார் அறிவர் என அஞ்சுபவர் உண்மையை மறைப்பார். மறைத்த நோய்க்கு மருந்தில்லை.

மலையின் மகளிர்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1990-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கு ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பகுதிப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தனர். நோயாளியின் பேச்சும் உணவும் உழைப்பும் அச்செவிலியர் நன்கறிந்தவை. வெளியூரார் பல ஆண்டுகளில் பெறும் நம்பிக்கையை, உறவுமுறை சொல்லி அழைக்கும் குரல் எளிதில் பெறுகிறது. ஜவ்வாது மலையின் மாணவியரும் மாணவரும் செவிலியம் பயின்று தம் ஊர்களுக்குத் திரும்புவார்களாயின், மருத்துவமனைக்கும் சிற்றூருக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிதும் குறையும்.

செவிலியரின் பணியில் ஊசியும் மாத்திரையும் கண்ணுக்குத் தெரிவன. பொறுமையாகக் கேட்பதும், விளங்கச் சொல்வதும், விளங்கிற்றா என அறிவதும் கண்ணுக்குத் தெரியாதன. அவையும் சேர்ந்தால்தான் மருத்துவம் நிறைவுபெறும்.

தெரிந்து தெளிவோம்

• நைட்டிங்கேல் பிறந்த மே 12, உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.
• வேலூரில் 1900-இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர், 1909-இல் செவிலியர் பயிற்சியையும் தொடங்கினார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மருந்து ஒன்றை உண்ணும் முறையைப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு விளங்குமாறு பேச்சு நடையில் எழுதுக.
2. ‘தலையசைப்பு உடன்பாடு ஆகாது’ – பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.