வார்டு வேலை முடியாத நர்சுகளுக்கு வேறு வழிகள்

இடுப்பு வலி, இரவுப் பணி, வீட்டில் கைக்குழந்தை. "போதும்மா, வேலையை விட்டுவிடு" என்ற பேச்சு, நர்சிங் படித்த பெண்பிள்ளை உள்ள வீடுகளில் வருவதுதான். விடுமுன் கீழ்க்கண்ட வழிகளைப் பாருங்கள்.

1. ஆசிரியப் பணி: டிப்ளமோ முடித்தவர்கள் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து, பின் எம்.எஸ்சி. முடித்தால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம்.

2. பள்ளிச் சிறார் நலம்: 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்களில் நர்சுகளும் உண்டு. இத்தகைய தொகுப்பூதியப் பணிகளை மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அறிவிக்கும். தென்காசி மாவட்ட இணையதளத்தைப் பார்த்து வாருங்கள்.

3. மருத்துவமனைக்குள்ளேயே: தொற்றுத் தடுப்பு, தரக் கண்காணிப்பு, காப்பீட்டுப் பிரிவு. வார்டு அனுபவமே இங்கு மூலதனம்.

4. மெடிக்கல் கோடிங்: நோயாளியின் பதிவேட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடு இடும் வேலை. தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். சில நிறுவனங்களில் இரவுப் பணியும் உண்டு. "வேலை உறுதி" என்று பெரும் கட்டணம் கேட்பவரிடம் விசாரிக்காமல் சேராதீர்கள்.

1856-இல் போர்முனையிலிருந்து நோயோடு திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், பிறகு பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே எழுதினார், கணக்கெடுத்தார். 1860-இல் லண்டனில் அவர் பெயரால் நர்சிங் பள்ளி எழுந்தது.

அடுத்த வேலை உறுதியான பிறகே ராஜினாமா கொடுங்கள். அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்; திரும்பிவர விரும்பினால் அதுவே சாவி.