டிசம்பர் 22: ஒரு நாளின் கணக்கு

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு)

நாட்காட்டித் தாளைக் கிழித்தெறிவது நம் அன்றாடப் பழக்கம். கிழித்த தாளில் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தினால், அறிஞரும் ஆட்டக்காரரும் புயலும் மீனும் ஒரே திண்ணையில் வந்து அமர்வதைக் காணலாம். அவ்வகையில் டிசம்பர் 22 என்னும் நாளை எடுத்துக்கொண்டேன். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

அது நான் பிறந்த நாள். ஆண்டு 2004. நான் பிறந்த நான்காம் நாள் கடல் பொங்கியது. அம்மாவின் பிறந்த வீடு பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் உள்ளது. தாத்தாவின் படகும் வலைகளும் அன்றோடு போயின. அம்மாவும் நானும் அனுப்பம்பட்டில், கடல்நீர் எட்டாத தொலைவில் இருந்தோம். "புள்ள பொறந்த நேரம், கடலே பொங்கிடுச்சு" என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல்லை அம்மா இன்றுவரை மறக்கவில்லை. யாரேனும் என் வயதைக் கேட்டால் ஆயா, "சுனாமிக்கு நாலு நாள் முந்திப் பொறந்தவன்" என்றே சொல்லும். எங்கள் வீட்டில் என் பிறந்தநாளைக் கொண்டாடியதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படிப்பதோ கணிதம். ஆகவே அந்தச் சொல் சரியா, தவறா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது என் கடமை என்று தோன்றியது.

கணிதமேதை பிறந்த நாள்

1887ஆம் ஆண்டு இதே நாளில் ஈரோட்டில் பிறந்தார் சீனிவாச இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம். அங்குள்ள அரசு கல்லூரியில் 1904இல் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமையால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920இல், 32ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாள் தேசியக் கணித நாள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது.

நம்மைப் போன்றே ஓர் அரசு கல்லூரியின் வகுப்பில் அமர்ந்து, தேர்வில் தோற்றவர் அவர் என்பதை நண்பர்கள் மறக்கலாகாது.

கடல் தந்த பழைய மீன்

மீனவர் வீட்டுப் பேரனாகிய எனக்கு மிகவும் பிடித்த செய்தி அடுத்தது. 1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திற்கு ஓர் இழுவலைக் கப்பல் வந்தது. அந்நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்னும் இளம்பெண், மீன்குவியலுக்குள் நீல நிறமான ஒரு துடுப்பைக் கண்டார். இழுத்துப் பார்த்தால், ஐந்தடி நீளமுள்ள, யாரும் அறியாத மீன். கைகால் போன்ற சதைப்பற்றுள்ள துடுப்புகள். படம் வரைந்து ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். ஸ்மித் அப்போது கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். மீனியல் அவர் விருப்பப் பாடம். அது சீலகாந்த் என்றும், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இனம் என்றும் அவர் கண்டறிந்தார். லாட்டிமேரியா என்று அப்பெண்ணின் பெயரையே அதற்குச் சூட்டினார். இரண்டாவது மீன் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஏரிக்கரையில் வலையை உதறும்போது, பெயர் தெரியாத மீனைக் காக்கைக்கு எறிவது வழக்கம். இதைப் படித்தபின் நான் எறிவதில்லை. முதலில் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

காத்திருந்த பந்துவீச்சாளர்

1947ஆம் ஆண்டு இதே நாளில் இராஜ்கோட்டில் பிறந்தவர் திலீப் தோஷி. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். அதே வகைப் பந்துவீச்சில் பிஷன் சிங் பேடி கொடிகட்டிப் பறந்த காலம் அது. தோஷிக்கு இடம் கிடைக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகே, 1979 செப்டம்பரில், நம் சேப்பாக்கம் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்சிலேயே ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார். மொத்தம் 33 டெஸ்ட்டுகளில் 114 விக்கெட்டுகள். காலம் கடந்துவிட்டதென்று கலங்குவோர்க்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

தனுஷ்கோடியின் இரவு

இனி வருவது துயரம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு சென்ற பயணிகள் இரயிலைக் கடலலை விழுங்கியது. இலங்கைக்குக் கப்பலேற மக்கள் கூடிய அவ்வூர் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது. இராமானுஜன் கப்பலேறிய அதே 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலமும் சிதைந்தது. இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் பொறுப்பேற்று 46 நாட்களில் அதைச் சீரமைத்தார்.

நாளின் மீது குற்றம் உண்டா?

இப்போது கணக்குக்கு வருவோம். மேதையும் புயலும் ஒரே நாளில் வந்தனவே, இது அதிசயம் அன்றோ என்று கேட்கலாம். அன்று. ஓராண்டில் இருப்பவை 365 நாட்கள். மனித வரலாற்றின் நிகழ்ச்சிகளோ கணக்கற்றவை. அத்தனையையும் 365 கூடைகளில் போட்டால், ஒவ்வொரு கூடையிலும் நல்லதும் கெட்டதும் விழுந்தே தீரும்.

இதனை நம் வகுப்பிலேயே சோதிக்கலாம். 23 பேர் இருக்கும் அறையில் யாரேனும் இருவர்க்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 40 பேர் இருந்தால் நூற்றுக்கு 89. காரணம் எளிது. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இணையும் ஒரு வாய்ப்பு. ஆனால் "என் பிறந்தநாளில்" இன்னொருவர் இருக்கிறாரா என்று கேட்டால், பாதி வாய்ப்புக்கே என்னைத் தவிர 253 பேர் வேண்டும். ஏதேனும் ஒரு பொருத்தம் என்பது எளிது. குறித்த ஒரு பொருத்தம் என்பது அரிது. பொருத்தம் நேர்ந்த பிறகு அதைக் குறித்துச் சொன்னதுபோல் பேசுவதே நாம் செய்யும் பிழை.

கடல் பொங்கியதன் காரணத்தையும் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. இந்தியப் புவித்தட்டு பர்மாத் தட்டின் கீழ் நெடுங்காலமாக அழுந்தி வந்த அழுத்தம், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்கு ஒரே மூச்சில் விடுபட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக் கரையை அடைந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது 2007இல்.

நான் பிறந்த அன்று உலகில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் யாருடைய நேரத்தைக் கடல் பார்த்தது? பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த அழுத்தத்தை நான்கு நாள் குழந்தை எவ்வாறு விடுவிக்கும்? குற்றம் பிறந்த நேரத்தில் இல்லை. எச்சரிக்கை இல்லாமையில் இருந்தது.

முடிவுரை

டிசம்பர் 22 மார்கழி ஏழாம் நாளை ஒட்டி வருவது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் அன்றோ அதற்கு முந்திய நாளோ அமைகிறது. எங்கள் பகுதியில் அன்றைய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். அதன்பின் பகல் சிறிது சிறிதாக வளர்கிறது. அந்நாளிடமிருந்து நான் கற்க விரும்புவது இவ்வளவே.

கடந்த பிறந்தநாளன்று ஏரிக்கரை வீட்டில் அம்மாவையும் ஆயாவையும் உட்காரவைத்து, தரையில் கரித்துண்டால் படம் வரைந்து, தட்டுகள் நழுவியதை விளக்கினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆயா மட்டும், "அப்போ உன்மேல குத்தமில்லன்னு பொஸ்தகத்துலயே போட்டிருக்கா?" என்று கேட்டது. "ஆமாம் ஆயா" என்றேன். சிறிது நேரம் கழித்து எழுந்து, விற்பதற்கு எடுத்துவைத்திருந்த இறாலில் ஒரு பங்கைப் பிரித்து அடுப்படிக்குக் கொண்டுபோனது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒரு குழந்தையை "பிறந்த நேரம்" என்று சொல்லிக் குத்தியிருப்பார்கள். நாம் கற்ற கல்வி தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. ஒரு கரித்துண்டை எடுங்கள். அவர்கள் முன் அமர்ந்து கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.