சேரிப் பாடசாலையின் பாடத்திட்டம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூடி வாசிப்பதற்கு ஒரு பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தின் வருஷாந்தர மகாசபை கூடுகிற நாளில் காரியதரிசியின் மேஜையண்டை சற்று நின்று பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. வருகைப் புத்தகத்தில் பேனா பிடித்துக் கையெழுத்திடுகிறவர் பலர். ஆயினும், மைப்பெட்டியில் இடது கைப் பெருவிரலை அழுத்துகிற முதியவர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கைநாட்டு வைக்கிறவர் எல்லோரும் பள்ளிக்கூடத்து வாசலையே மிதியாதவர் என்று எண்ணுவது பிசகு. தனியே விசாரித்தால், "ரெண்டாங் கிளாசு வரைக்கும் போனேங்க, அப்புறம் மாடு மேய்க்க அனுப்பிட்டாங்க" என்று சொல்லுகிறவர் அவர்களிலும் உண்டு. அப்படிச் சொல்லுகிறவர் போய்வந்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் சேரியின் ஓரத்தில் இருந்த சிறிய கிறிஸ்தவப் பாடசாலையே. அங்கே என்ன கற்பித்தார்கள், கற்பித்ததில் எது நிலைத்தது, எது கரைந்து போயிற்று என்பதே இப்பாடத்தின் விஷயம்.

திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்கள் முன்னாளில் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 1993-ல் விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று. இப்பிரதேசத்துக்குக் கிறிஸ்தவப் பாடசாலைகள் முக்கியமாய் மூன்று வழிகளில் வந்தன. 1853-ல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் ஸ்தாபித்த அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் திண்டிவனத்தை ஒரு நிலையமாகக் கொண்டு வேலை செய்தது. திருக்கோயிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷன் ஊழியம் நடத்தியது. இவ்விரண்டுக்கும் முன்பே புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட கத்தோலிக்க சபை கிராமங்களில் கால்கொண்டிருந்தது. இம்மூன்றுக்கும் கொள்கையில் வேற்றுமை உண்டு. கிராமப் பாடசாலையின் தோற்றத்திலோ வேற்றுமை அதிகமில்லை.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் அத்தகைய பழைய பாடசாலை ஒன்றை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். ஜெபம் நடக்கிற கூடமே பாடசாலை. மண் சுவர், கூரை, ஒரு கரும்பலகை, சுவரில் ஒரு படம். ஐந்து வகுப்புக்கும் ஒரே உபாத்தியாயர். ஞாயிற்றுக்கிழமை அவரே உபதேசியார். வியாதியஸ்தருக்கு மனு எழுதுகிறவரும், சண்டைக்காரருக்கு மத்தியஸ்தம் பேசுகிறவரும் அவரே. காலையில் ஒரு பாட்டும் ஜெபமும், பின்பு வேதபாடம், அதன்பின் வாசிப்பு, எழுத்து, கணக்கு. பெண்பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் தையல். 1858-ல் தோன்றி, பிற்காலத்தில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் பெற்ற ஸ்தாபனம் அச்சிட்ட தமிழ் வாசகப் புத்தகங்கள் இத்தகைய பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தன. கால அட்டவணை இவ்வளவுதான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பாடத்தோடு இதை ஒத்துப் பார்க்கவேண்டும். அங்கே மணலில் விரலால் எழுத்து, அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி. மாவும் காணியும் முந்திரியும் மனத்திலேயே பெருகும். களத்துமேட்டில் நின்று வாரத்தைப் பிரிக்கிற கணக்கு அந்தப் பிள்ளைக்கு நாவில் நின்றது. புதுப் பாடசாலை அதை ஒதுக்கிச் சிலேட்டுக் கணக்கைக் கொண்டுவந்தது. இதில் நஷ்டமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். மனக்கணக்கை இழந்த பிள்ளை சிலேட்டு இல்லாத இடத்தில் திகைக்கிறான். ஆனால், திண்ணைப் பள்ளியின் வாசல் சேரிப் பிள்ளைக்குத் திறந்திருக்கவில்லை. ஏறக் கூடாத திண்ணையில் எவ்வளவு நல்ல கணக்கு நடந்தாலும், வெளியே நிற்கிறவனுக்கு அதனால் என்ன பயன்?

வெளியே நின்றவனுடைய நிலைமையைப் பக்கத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் 1891-ல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில் விவரித்தார். நிலமின்றி, மனைக்கட்டும் சொந்தமின்றி, கடனால் கட்டுண்டு படியாளாய் உழைத்தவர்களின் வாழ்க்கை அதில் வெளியாயிற்று. இவ்விவாதத்தின் பலனாகவே அவர்களுக்குத் தரிசு நிலம் விடுவதைப் பற்றியும் பாடசாலைகளைப் பற்றியும் சர்க்கார் உத்தரவுகள் பிறந்தன. படியாளின் கடன் ஒரு காகிதத்தில் இருந்தது. அதை எழுதினவர் வேறு, வாசிக்கத் தெரிந்தவர் வேறு, கைநாட்டு வைத்தவர் வேறு. சேரிக்குள் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினபோது அந்தக் காகிதத்துக்கு முதன்முதலாக ஒரு சாட்சி ஏற்பட்டது. பாடசாலையைச் சில மிராசுதார்கள் விரும்பாததன் காரணமும் இதில் அடங்கும்.

அப்படியானால் இத்தனை கைநாட்டு பின்னும் எப்படி நீடித்தது? 1929-ல் வெளியான ஹார்ட்டாக் கமிட்டியின் அறிக்கை இதற்கு ஒரு கணக்குக் கொடுக்கிறது. 1922-23-ல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் 100-க்கு 18 பேரே 1925-26-ல் நான்காம் வகுப்பில் இருந்தார்கள். இது பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் பொதுவான கணக்கு. மற்ற 82 பேர் எங்கே? நம் பக்கத்தாருக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் பள்ளிக்கூடம் காலியாகும். ஆடு மாடு ஒருவனை இழுக்கும். தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்வது பெண்பிள்ளையை இழுக்கும். இரண்டாம் வகுப்போடு நின்ற பிள்ளையின் வீட்டில் வாசிப்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது. நாலைந்து வருஷத்தில் எழுத்து மறந்து போகும்.

இதற்கு ஒன்பது வருஷம் முன்னரே பிரேசர் என்பவர் தலைமையில் ஒரு கமிஷன் மிஷன்களின் கிராமக் கல்வியைப் பரிசீலித்து, 1920-ல் அறிக்கை வெளியிட்டது. காஞ்சீபுரத்தில் ஊழியம் செய்த மக்ளீன் பாதிரியாரும், சேலத்தில் பிறந்த கே. டி. பால் அவர்களும் அதில் அங்கத்தினர்கள். பாடசாலையை விட்டவர்கள் மறுபடியும் எழுத்தறியாமைக்குள் விழுகிறார்கள் என்பதையும், கிராமத்தின் ஜீவனத்தோடு ஒட்டாத பாடம் நிலைக்காது என்பதையும் அக்கமிஷன் எடுத்துக் காட்டிற்று. கே. டி. பால் அவர்கள் வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம இலாகாவை நடத்தி, ஏழைக் குடியானவருக்கு நாணய சங்கங்கள் ஏற்படுத்தினவர். பாடசாலையும் சங்கமும் ஒன்றையொன்று தாங்கவேண்டியவை என்பதை அவருடைய வேலையே காட்டும்.

ஜீவனத்தோடு ஒட்டிய பாடம் என்றால் என்ன? வட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் மாதம் ரூபாய்க்கு ஓர் அணா வட்டி என்றால் அது அற்பமாகத் தோன்றும். ரூபாய்க்கு 16 அணா. 12 மாதத்துக்கு 12 அணா. ஆகவே 100 ரூபாய்க்கு வருஷத்தில் 75 ரூபாய்! அணா போய்விட்டது, தந்திரம் போகவில்லை. இப்போது "மூணு வட்டி" என்கிறார்கள். 100-க்கு மாதம் 3 என்பது வருஷத்துக்கு 36. விதைக்காக 2,000 ரூபாயை "மூணு வட்டிக்கு" வாங்கிப் பத்து மாதம் கழித்துத் தீர்க்கிறவர் வட்டியாக மட்டும் 600 ரூபாய் கொடுக்கிறார். வருஷத்துக்கு 100-க்கு 9 வீதம் சங்கத்தில் வாங்கியிருந்தால் அதே பத்து மாதத்துக்கு 150 ரூபாய்தான். ஆயினும் "மூணு" என்ற சொல் "ஒன்பது" என்ற சொல்லைவிடச் சின்னதாகக் காதில் விழுகிறது. மாதத்தை வருஷமாக்கிப் பெருக்கத் தெரிந்த நான்காம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், தகப்பனார் அந்தச் சொல்லில் மயங்கமாட்டார். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட ஒரு பைசாவும் செலவில்லை.

இயற்கைப் பாடமும் அப்படியே. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் குடியாத்தம் மணிலாவிலிருந்து பொறுக்கி எடுத்து 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம் தேசமெங்கும் பரவியது. அப்பெயரில் உள்ள எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிக்கும். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய விதையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டா? ஈரச் சாக்கில் 100 பருப்பை வைத்து மூடி, சில நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணச் சொல்லலாம். 70 முளைத்தால், 100 செடிக்கு எத்தனை விதை வேண்டும்? ஏறக்குறைய 143 என்ற விடையில் கணக்கும் விவசாயமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இத்தகைய வழியைச் சில கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் முன்பே நடத்திப் பார்த்தன. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் இருந்த உபாத்தியாயர் போதனாசாலை, பிள்ளைகள் கையால் செய்கிற வேலையிலிருந்தே வாசிப்பையும் கணக்கையும் வளர்த்தது. மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் தொடங்கிய கிராமப் புனருத்தாரண நிலையம் கோழி முட்டைகளைக் கூட்டுறவு முறையில் தரம் பிரித்து விற்கப் பழக்கிற்று. ஆர்க்காட்டு மிஷனுக்கும் காட்பாடியில் ஒரு விவசாயக் கழகம் இருந்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "எழுத்துக் கற்க அனுப்பினோம், மண்வெட்டி பிடிக்க வீட்டிலேயே தெரியும்" என்று சேரித் தாய் தந்தையர் முறையிட்டால் அதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் கிராமப் பாடசாலை நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மற்ற நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழகலாம் என்ற திட்டம் வந்தபோது, குலக்கல்வி என்று பெயரிட்டு அதை எதிர்த்தார்கள். 1954-ல் அது கைவிடப்பட்டது. தோட்டவேலை நல்லதே. மிராசுதார் மகனும் படியாள் மகனும் ஒரே பாத்தியில் குனிந்தால் அது பாடம். படியாள் மகன் மட்டும் குனிந்தால் அது பழைய வேலையே. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

ஒழுக்கப் பாடத்தைப் பற்றிச் சொல்லுகையில், அது அட்டவணையில் எந்த மணியில் இருக்கிறது என்று தேடுகிறவர் பாதிதான் காண்பார். தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது, அதில் யார் யார் மொண்டு குடிக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், வாசலைப் பெருக்குவது எல்லோருடைய முறையா அல்லது சிலருடைய முறை மட்டுமா, இவையெல்லாம் பாடங்களே. கிறிஸ்தவ சபைகளுக்குள்ளும் ஜாதி வித்தியாசம் புகுந்து தனி வரிசை போட்டதுண்டு. இதை மறைப்பதில் லாபமில்லை. வருகைப் பதிவேடும் ஒரு பாடம். மானியத்துக்காக வராத பிள்ளையை வந்ததாக எழுதுகிற உபாத்தியாயர், உண்மையைப் பற்றி எத்தனை கதை சொன்னாலும், வகுப்பிலுள்ள பிள்ளைகளின் கண் பதிவேட்டின் மேல்தான் இருக்கும். நம் சங்கத்துப் பேரேட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமோ?

வேதபாடத்தைப் பற்றிப் பிற மதத்து அங்கத்தினர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. விதைக்கிறவன், கடன்பட்டவன், கூலியாள் ஆகியோரைப் பற்றிய கதைகள் குடியானவன் பிள்ளைக்கு எளிதில் விளங்குபவை. ஆயினும் விளங்குவது ஒன்று, கட்டாயம் வேறு. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவின்படி, சர்க்கார் உதவி பெறும் பாடசாலையில் ஒரு பிள்ளை காப்பாளரின் சம்மதமின்றி மதபோதனையில் கலந்துகொள்ளவேண்டியதில்லை. சிறுபான்மையோர் தங்கள் பாடசாலைகளை நடத்தும் உரிமையை 30-ஆவது பிரிவு காக்கிறது. இரண்டையும் ஒருங்கே அறிந்தால் வீண் சந்தேகமும் வீண் வற்புறுத்தலும் குறையும். எந்த மணியில் எது நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவிக்கிற பாடசாலைக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

இக்காலத்தில் பசி என்ற பழைய தடைக்குப் பரிகாரம் வந்திருக்கிறது. 1956-ல் மதிய உணவு, 2022-ல் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகளில் காலை உணவு, 2024 ஜூலையில் கிராமங்களிலுள்ள உதவி பெறும் பாடசாலைகளுக்கும் அதே காலை உணவு. கொள்ளைநோய்க் காலத்தில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபின் பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் மறந்திருந்ததால், முதல் மூன்று வகுப்புக்களுக்காக 2022-ல் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம் ஏற்பட்டது. புழங்காத எழுத்து எவ்வளவு விரைவில் அழியும் என்பதை நூறு வருஷத்துக்குப் பின் மறுபடியும் பார்த்தோம்.

ஆகையால் வீட்டில் எழுத்து புழங்கவேண்டும். சங்கத்தின் பாஸ்புத்தகம் அதற்கு ஏற்ற வாசகப் புத்தகம். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் நான்காம் வகுப்பில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்து, அசல், வட்டி, தவணைத் தேதி மூன்றையும் உரக்க வாசிக்கச் செய்யவேண்டும். பிள்ளை எந்த எண்ணில் தடுமாறினான் என்பதைக் குறித்து வருக. ஊரிலுள்ள பாடசாலையின் கால அட்டவணையை ஒருவர் தாளில் எழுதி வந்தால், தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்பதையும் அதன் கீழே எழுதிக்கொள்ளலாம்.