சடையும் குளிப்பின் சட்டமும்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், சென்ற மாதம் லுஹர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். தலைமுடியைச் சிறு சிறு திரிகளாக முறுக்கி விட்டிருந்தார். உண்மையைச் சொன்னால், அவருடைய ஸலாமுக்குப் பதில் சொல்லுமுன் நம் கண் அவருடைய முடிக்கே போயிற்று. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

அவருடைய தகப்பனார் மவுத்தாகிச் சில மாதங்கள் ஆகின்றன. அடக்கம் முடிந்து வந்த இரவே மதுவை விட்டுத் தவ்பாச் செய்தார். பல வருடங்கள் விட்டிருந்த தொழுகையைத் தொடங்கினார். அந்த இரவை மறவாதிருக்க, பெங்களூர்ப் பக்கம் ‘லாக்ஸ்’ என்று இப்போது சொல்லப்படும் சடையையும் ஆரம்பித்தார். முடி வளர வளரத் தாமும் வேறு மனிதராக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அவர் தொழும் பள்ளியில் ஒரு பெரியவர், “இந்தச் சடையோடு குளிப்பும் கூடாது, தொழுகையும் கூடாது” என்று சொல்லிவிட்டார். மூன்று ஜும்ஆ அவர் பள்ளிக்குப் போகவில்லை. “ஹள்ரத், முடியை எடுக்கணுமா, தொழுகையை விடணுமா?” என்று கேட்டார்.

ஒருவரைப் பள்ளியிலிருந்து விலக்கிவிடும் சொல்லைச் சட்டம் பாராமல் சொல்லலாகாது. ஆகவே இம்மஸ்அலாவை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முடி வளர்ப்பது கூடுமா?

கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடி சில சமயம் காது மடல் வரையும், சில சமயம் தோள் வரையும் இருந்ததாக ஹதீஸ்களில் வருகிறது. ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 630) மக்காவினுள் வந்தபோது முடி நான்கு பின்னல்களாக இருந்ததை உம்மு ஹானி (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இஹ்ராமில் முடி கலையாதிருக்கப் பிசின் போன்ற பொருளால் அதைப் படிய வைத்ததும் உண்டு. இதற்குத் ‘தல்பீத்’ என்று பெயர். ஆனால் அது இஹ்ராமின் சில நாட்களுக்கே உரியது. முடி உள்ளவர் அதைக் கண்ணியமாகப் பேண வேண்டும் என்பதும் நபிகளார் கற்றுத் தந்ததே.

குளிப்பில் நீர் சேர்வது

கடமையான குளிப்பில் உடல் முழுவதும் நீர் சேர வேண்டும். உம்மு ஸலமா (ரலி) அவர்கள், இறுகப் பின்னிய தம் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டபோது, மூன்று கை நீரைத் தலையில் ஊற்றினால் போதும் என்று சலுகை கிடைத்தது. ஹனபி மத்ஹபில் இச்சலுகை பெண்களுக்கு உரியது. முடியின் வேர்க்கால் நனைந்தால் போதும். ஆணுக்கு அப்படியன்று. பின்னலின் உள்ளும் நீர் சேர வேண்டும். அதற்காக அவர் அதை அவிழ்த்துவிட வேண்டும் என்பதே வலுவான சொல்.

ஷாபிஈ மத்ஹபில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. அவிழ்க்காமல் நீர் உள்ளே போகாது என்றால் இருவரும் அவிழ்க்க வேண்டும். ஆனால் முடி தானாகவே சிக்குப் பிடித்து முடிச்சானால் அதன் உட்புறம் மன்னிக்கப்படும். பொன்னானி மக்தூம் அவர்களின் ‘ஃபத்ஹுல் முஈன்’ ஓதியவர்கள் இதை அறிவார்கள். தாமே முயன்று முடிச்சிட்டவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இளைஞருக்குச் சொன்ன பதில்

அவர் ஹனபி. அவருடைய திரிகள் இன்னும் இறுகவில்லை. விரலால் பிரித்தால் பிரிகின்றன. கடமைக் குளிப்பின்போது பிரித்தே கழுவியதாகவும் சொன்னார். ஆகவே இதுவரை தொழுத தொழுகைக்குக் குறையில்லை. பெரியவர் சொன்னது தவறு.

ஆனால் அந்தப் பெரியவரின் அச்சத்தில் ஓர் உண்மையும் உண்டு. மாதங்கள் செல்லச் செல்ல இத்திரிகள் உள்ளுக்குள் பின்னி இறுகும். பிறகு கத்தரித்தாலன்றிப் பிரியாது. அந்த நிலைக்கு ஓர் ஆண் தாமாகவே தம் முடியைக் கொண்டு செல்லக் கூடாது. முடியை நீளமாக வைக்கலாம், முறுக்கலாம், பின்னலாம். குளிப்புக்கு அவிழ வேண்டும்.

இன்னும் சில. இறுகுவதற்காகத் தடவும் மெழுகு, நீரைத் தடுக்கும். அதை நீக்காமல் குளிப்பு நிறைவேறாது. பிறர் முடியை ஒட்டி நீளமாக்குவது ஹதீஸில் சபிக்கப்பட்ட செயல். வுளுவில் ஹனபிகள் தலையில் கால் பாகம் மஸஹு செய்ய வேண்டும். காதுக்குக் கீழே தொங்கும் திரியை மட்டும் தடவினால் போதாது. லேத் போன்ற சுழலும் இயந்திரத்தருகே நிற்பவர் முடியைக் கட்டித் தொப்பிக்குள் அடக்க வேண்டும். உயிரைக் காப்பதும் மார்க்கமே.

அடையாளமும் அமலும்

நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், பெண்ணுக்குச் சடை விழுந்தால் அதை எல்லம்மாவின் அடையாளம் என்று எண்ணி எடுக்க அஞ்சுவோர் உண்டு. தர்காக்களில் சடை வளர்த்த பக்கீர்களைக் கண்டு நம்மவரிலும் சிலர் மயங்குகிறார்கள். ஜமைக்காவில் 1930-களில் தோன்றிய ராஸ்தஃபாரி மார்க்கத்தாருக்குச் சடை ஒரு சமயச் சின்னம். செனகல் நாட்டில் ஷைகு இப்ரா ஃபால் வழிவந்த முஸ்லிம்களும் சடை வளர்க்கிறார்கள். இவ்வழக்கங்கள் எதுவும் நமக்குச் சட்டமாகாது. சடையில் பரக்கத்தும் இல்லை. எடுத்தால் முஸீபத்தும் இல்லை.

அவரிடம் நாம் கூறினோம்: “தம்பி, உங்களை மாற்றியது முடியல்ல. அன்றிரவு செய்த தவ்பாதான். நாளை முடி உதிர்ந்தாலும் அந்தத் தவ்பா உதிரக் கூடாது. அதைக் காப்பது ஐந்து வேளைத் தொழுகை.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வாப்பாவுக்காக துஆச் செய்யச் சொன்னார்.

அடுத்த ஜும்ஆவில் இரண்டாம் ஸஃப்பில் அவரைக் கண்டோம். தலையில் தொப்பி இருந்தது. முடியை என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை.

ஜமாஅத்துப் பெரியோர்களே! பல வருடம் கழித்து ஒருவர் பள்ளிப்படி ஏறினால், முதலில் அவருக்கு ஸஃப்பில் இடம் கொடுங்கள். மஸ்அலாவைப் பிறகு தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அகத்தையும் புறத்தையும் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.